ஸ்கேன் சென்டர் பலகை பிறந்த கதை

எந்த ஊர் ஸ்கேன் சென்டரானாலும் டோக்கன் கொடுக்கும் மேசைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பலகை இருக்கும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்பட மாட்டாது, அது சட்டப்படி குற்றம் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கும். வாசகம் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு முறைக்காகக் காத்திருக்கும் பெண்களும் கூட வந்த மாமியார்களும் அதைப் படிப்பதில்லை. செருப்பை வெளியே விடவும் என்ற பலகைக்கு உள்ள மரியாதைதான் அதற்கும்.

யோசித்துப் பார்த்தால் விசித்திரமான பலகை. டாக்டர் தன் கண்ணால் பார்த்துவிட்ட ஒன்றை, அதை வயிற்றில் சுமப்பவளிடமே சொல்லக் கூடாது என்கிறது. பனிக்குட நீர் எவ்வளவு, நஞ்சு எந்தப் பக்கம், குழந்தையின் தொடை எலும்பு எத்தனை மில்லிமீட்டர் என்பதையெல்லாம் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். இந்த ஒன்றுக்கு மட்டும் வாய்ப்பூட்டு. பல நாடுகளில் இதே திரையைப் பார்த்து டாக்டரே வாய் நிறையச் சொல்கிறார். நீல கேக்கா ரோஸ் கேக்கா என்று விருந்து வைத்து வெட்டி, வீடியோவும் போடுகிறார்கள். நமக்கு மட்டும் ஏன் இந்தப் பலகை? யார் யார் போட்ட சண்டையில் பிறந்தது இது?

கதை பூனையில் தொடங்குகிறது.

1949இல் கனடாவில், லண்டன் என்றே பெயர் கொண்ட ஓர் ஊரில், மர்ரே பார் என்ற உடற்கூறியல் ஆசிரியரும் அவருடைய மாணவர் யூவர்ட் பெர்ட்ராமும் பூனைகளின் நரம்பணுக்களை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். களைத்துப்போன நரம்பணு எப்படி மாறுகிறது என்பதுதான் அவர்கள் தேடிய விஷயம். சில பூனைகளின் அணுக்கருவில் ஒரு கரும்புள்ளி தெரிந்தது. சில பூனைகளில் தெரியவில்லை. குறிப்பேட்டைப் புரட்டினால், புள்ளி இருந்ததெல்லாம் பெட்டைப் பூனை. மனிதர்களிலும் பெண்ணின் அணுக்களில் மட்டுமே அந்தப் புள்ளி உண்டு என்பது சீக்கிரமே உறுதியானது. பெண்ணுக்கு இருக்கும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று சுருண்டு ஓய்ந்து கிடப்பதுதான் அது என்பது பிற்பாடு விளங்கியது.

ஏழு ஆண்டு கழித்து டென்மார்க்கில் ஃப்ரிட்ஸ் ஃபுக்ஸ் என்ற மகப்பேறு மருத்துவரும் போவ்ல் ரீஸ் என்ற மருத்துவரும் இந்தப் புள்ளியைப் பனிக்குட நீரில் தேடினார்கள். கருவின் தோலிலிருந்து உதிர்ந்த அணுக்கள் அந்த நீரில் மிதக்கும். ஊசி போட்டுக் கொஞ்சம் நீரை உறிஞ்சி எடுத்து, சாயமேற்றிப் பார்த்தால் போதும். இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் வேறு சிலர் ஏறக்குறைய அதே சமயத்தில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஆனால் அதை ஒரு குடும்பத்தின் முடிவோடு முடிச்சுப் போட்டவர்கள் டென்மார்க்காரர்கள்.

அவர்களுடைய கவலை ஹீமோஃபீலியா. ரத்தம் உறையாத இந்த நோயைத் தாய் சுமப்பாள். பெரும்பாலும் மகனைத்தான் தாக்கும். மகன்களில் ஒவ்வொருவருக்கும் சரிபாதி வாய்ப்பு. அந்த நோயையே கருவில் கண்டுபிடிக்க அன்றைக்கு வழி இல்லை. ஆணா என்று பார்க்கத்தான் வழி இருந்தது. பரம்பரை நோயைக் காரணமாகக் காட்டிக் கருக்கலைப்பு செய்துகொள்ள டென்மார்க் சட்டம் 1930களின் இறுதியிலிருந்தே இடம் கொடுத்திருந்தது. 1960இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கையில் நோயைச் சுமந்த தாயின் கரு ஆண் என்று தெரிந்து கலைக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. இந்தச் சோதனையின் வரலாற்றில் பாலினம் பார்த்துக் கலைத்ததாக எழுதிவைக்கப்பட்ட முதல் கரு ஆண்தான். நோயே இல்லாத ஆணாக இருந்திருக்கவும் பாதி வாய்ப்பு உண்டு.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கருவைப் பற்றி அறியப் பிறந்த பல நுட்பங்களுக்கு ஆணா பெண்ணா என்பதுதான் அரிச்சுவடி. 1990இல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் ஆலன் ஹேண்டிசைடின் குழு, சோதனைக்குழாய்க் கருவிலிருந்து ஓர் அணுவைக் கிள்ளி எடுத்துச் சோதித்து, நல்ல கருவை மட்டும் கர்ப்பப்பையில் வைக்கும் முறையை அறிவித்தது. அவர்கள் அந்த அணுவில் தேடியது ஆணிடம் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோமை. வைத்தவை எல்லாம் பெண் கருக்கள். 1997இல் டென்னிஸ் லோவும் சகாக்களும் தாயின் ரத்தத்திலேயே குழந்தையின் டிஎன்ஏ மிதக்கிறது என்று காட்டினார்கள். அதற்கும் சாட்சி ஒய்தான். காரணம் எளிமையானது. தாயிடம் இல்லாத ஒன்று குழந்தையிடம் இருக்கிறது என்று நிரூபிக்க, ஒய்யை விடக் கைக்கெட்டிய சான்று வேறு இல்லை. நோய் தேடக் கிளம்பியவர்கள் கண்ணில் முதலில் பட்டது பாலினம். அதைத் தெரிந்துகொள்ளக் காத்திருந்த நாடுகள் வேறு இருந்தன.

ஸ்கேனின் பிறப்பு இன்னும் அப்பாவித்தனமானது. கிளாஸ்கோ கப்பல் கட்டும் ஊர். பற்றவைத்த இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று ஒலியலையால் தட்டிப் பார்க்கும் கருவி அங்கே தொழிற்சாலைகளில் இருந்தது. மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட் 1955இல் அறுத்தெடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போய் அந்தக் கருவியில் வைத்துப் பார்த்தார். டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளர் சேர்ந்துகொண்டார். 1958இல் லான்செட் இதழில் அவர்கள் கட்டுரை வந்தது. டொனால்ட் கருக்கலைப்பைக் கடுமையாக எதிர்த்தவர். திரையில் கருவைப் பார்த்த பெண் அதைக் கலைக்க மனம் ஒப்பமாட்டாள் என்பது அவர் நம்பிக்கை.

இந்தியாவுக்குப் பனிக்குட நீர் சோதனை 1970களின் நடுவில், டெல்லி எய்ம்ஸ் வழியாக வந்தது. பரம்பரைக் கோளாறுகளைக் கண்டறிவதுதான் திட்டம். ஆனால் சோதனைக்கு முன்வந்தவர்களில் பலருக்கு வேறு கேள்வி இருந்தது. பெண் என்றால் கலைத்துவிடுங்கள் என்றார்கள். கருக்கலைப்பைச் சட்டப்படி அனுமதித்த 1971ஆம் ஆண்டுச் சட்டம் அமலுக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மணமான பெண் குடும்பக் கட்டுப்பாட்டுச் சாதனம் தவறிவிட்டது என்று சொன்னாலே அந்தச் சட்டத்தில் போதுமான காரணம். பாலினம் பற்றி யாரும் வாய் திறக்க வேண்டியதே இல்லை.

அன்றைய காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். மக்கள்தொகைப் பீதி உச்சத்தில் இருந்த காலம். முதல் பிள்ளை ஆணாகவே பிறக்க வழி கண்டுபிடித்துவிட்டால் பல நாடுகளில் பெருக்கம் குறையும் என்ற எண்ணத்தை பால் எர்லிக் 1968இல் தன் புகழ்பெற்ற நூலிலேயே போட்டிருந்தார். ஆண் பிள்ளைக்காக வரிசையாகப் பெண்களைப் பெறுகிறார்களே, அதற்கு இது தீர்வு அல்லவா என்று நினைத்த டாக்டர்கள் இங்கேயும் இருந்தார்கள். நாம் இருவர் நமக்கு இருவர் என்று சுவரெங்கும் எழுதிவைத்தது அரசு. இரண்டோடு நிறுத்து என்றால் அந்த இரண்டில் ஒன்றாவது ஆணாக இருக்க வேண்டுமே என்று கணக்குப் போட்டது குடும்பம். ஐந்து பெண்ணைப் பெற்றால் அரசனும் ஆண்டி என்று பழமொழி வைத்திருக்கும் நமக்கு இந்தக் கணக்கு புரியாததல்ல.

விஷயம் கைமீறுவதைப் பார்த்து அரசு மருத்துவமனைகளில் பாலினம் பார்க்கக் கூடாது என்று 70களின் பிற்பகுதியில் தடை வந்தது. அதாவது தனியாருக்கு வழி திறந்தது. 1979இல் அம்ரித்சரில் ஒரு கிளினிக் வெளிப்படையாகவே இதற்காகக் கடை விரித்தது. பின்னாலேயே மற்ற ஊர்களும். இன்றைக்கு நூறுகளில் செலவழித்தால் நாளைக்கு வரதட்சணையில் ஆயிரங்களை மிச்சம் பிடிக்கலாம் என்ற பொருளில் சுவரொட்டிகள் வந்தன. தொகைதான் ஊருக்கு ஊர் மாறியது. மேற்கு இந்திய நகரம் ஒன்றின் மருத்துவமனைப் பதிவுகளைப் பார்த்து ராமனம்மா, உஷா பாம்பாவாலே என்ற இரு சமூகவியலாளர்கள் 1980இல் எழுதிய கட்டுரையில் உள்ள கணக்கு இது: ஓர் ஆண்டில் 700 பேர் பாலினம் பார்த்தார்கள். 250 பேருக்கு ஆண், 450 பேருக்குப் பெண். ஆண் என்று தெரிந்தவர்கள் அனைவரும் கருவை வைத்துக்கொண்டார்கள். 450 பேரில் கலைத்தவர்கள் 430.

1982இல் செய்தித்தாள்களில் ஒரு சம்பவம் அடிபட்டது. அம்ரித்சரில் செல்வாக்கான ஒரு குடும்பத்தில் சோதனை தப்பாகச் சொல்லி, கலைத்த பிறகு பார்த்தால் ஆண் கரு. நாடு கொதித்தது. 450இல் 430 போனதற்கு எழாத சத்தம் ஒரு ஆணுக்கு எழுந்தது என்று எனக்கு எரிச்சல் வந்தாலும், பேச்சு பொதுவெளிக்கு வந்தது அந்தத் தவறான ரிசல்ட்டால்தான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதையொட்டி 1983இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் நடந்த விவாதத்தை இன்றைக்கும் படிக்கலாம். தென்னிந்தியாவின் நிலமும் சாதியும் பற்றி ஆராய்ந்த பொருளாதார வரலாற்று அறிஞர் தர்மா குமார் நேரடியாகக் கேட்டார்: பிறந்த பிறகு பட்டினி போட்டும் அடித்தும் எரித்தும் கொல்வதைவிடப் பிறக்காமலே போவது மேல் இல்லையா? தவிர, பெண்கள் குறைந்தால் அவர்கள் மதிப்பு கூடுமே. எந்தச் சரக்கும் அருகினால் விலை ஏறுவதுதானே சந்தை விதி? வெறுப்பில் எழுதியதல்ல அது. தடைச்சட்டங்களின் மேல் அவநம்பிக்கை கொண்ட ஒரு கூர்மையான மூளை, தன் துறையின் கருவியை எடுத்து வைத்த வாதம். மானுடவியலாளர் லீலா துபே பதில் எழுதினார். பெண் சரக்கு அல்ல. அவள் அருகினால் விலை ஏறலாம், ஆனால் அந்த விலை அவள் கைக்கு வராது. பெண் குறைந்த இடங்களில் கடத்தலும் வன்முறையும் ஒருத்தியைப் பலர் பங்கிடுவதும்தான் கூடும் என்றார். வெளிமாநிலங்களிலிருந்து தரகர் மூலம் மணப்பெண் வாங்கிவரும் ஹரியானா கிராமங்கள் பின்னாளில் செய்தியானபோது லீலா துபே பக்கம்தான் தராசு தாழ்ந்தது.

பலகையின் தாய்வீடு பம்பாய். 1985வாக்கில் அங்கே பெண்ணியவாதிகள், மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், அறிவியல் இயக்கத்தார் சேர்ந்து பாலினச் சோதனைக்கு எதிரான மன்றம் ஒன்றை அமைத்தார்கள். கிளினிக்குகளின் முன்னால் மறியல் செய்தார்கள். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் பிள்ளைகளோடு ஊர்வலம் போனார்கள். மாநில அரசு கேட்டுக்கொண்டதன்பேரில் சஞ்சீவ் குல்கர்னி என்ற ஆய்வாளர் நகரத்தின் 50 மகப்பேறு மருத்துவர்களைச் சந்தித்தார். 42 பேர் பாலினம் அறியச் சோதனை செய்வதாக ஒப்புக்கொண்டார்கள். மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. நான்காவதும் பெண் என்றால் அடித்துத் துரத்தப்போகும் ஒருத்திக்கு நாங்கள் உதவுகிறோம், இது சேவை என்பது மருத்துவர் தரப்பின் பேச்சு.

மன்றத்துக்காரர்களுக்கு வெளிச்சண்டையைவிட உட்சண்டை கடினமாக இருந்தது. கருவை வைத்துக்கொள்வதா கலைப்பதா என்பது பெண்ணின் உரிமை என்று உலகெங்கும் பெண்கள் இயக்கம் போராடி வாங்கிய நிலை. அந்த உரிமையை வைத்துக்கொண்டு, இந்த ஒரு காரணத்துக்காகக் கலைக்காதே என்று எப்படிச் சொல்வது? கரு ஓர் உயிர், அதைக் கொல்வது கொலை என்று பேசினால் கருக்கலைப்பை மொத்தமாக மூடத் துடிக்கும் மதவாதிகளின் கையில் ஆயுதம் கொடுத்ததாகும். அவள் விருப்பம் என்று விட்டுவிட்டால் கிளினிக்காரர் சொல்வதைத்தான் நாமும் சொல்கிறோம் என்றாகும். அவள் விருப்பமே இல்லை, எல்லாம் புருஷன் வீட்டுக் கட்டாயம் என்று சொன்னாலோ, பெண்ணுக்கு சுயபுத்தியே கிடையாது என்று நாமே எழுதிக்கொடுப்பதாகும். நிவேதிதா மேனன் 1990களில் இந்த முடிச்சைப் பற்றி விரிவாக எழுதினார். எந்தப் பக்கம் இழுத்தாலும் இன்னொரு பக்கம் இறுகும் முடிச்சு.

அவர்கள் கண்டுபிடித்த வழிதான் இன்றைய பலகை. கருக்கலைப்பைத் தொடாதே, அதற்கு முந்தின படியைப் பூட்டு. கருப்பைக்குக் காவல் போடாமல் தகவலுக்குக் காவல் போடு. சோதனை செய்பவர், கிளினிக், எந்திரம், விளம்பரம் என்று சட்டம் பிடிப்பதற்கு நான்கு கைப்பிடி கிடைக்கும். பெண்ணின் உடல் வெளியே நிற்கும். 1988இல் மகாராஷ்டிரம் நாட்டிலேயே முதலாவதாக இப்படி ஒரு சட்டம் போட்டது. ஆனால் மாநில எல்லையைத் தாண்டினால் அந்தச் சட்டம் இல்லை. பாராளுமன்றத்தில் 1991இல் மசோதா வந்து, கூட்டுக்குழுவுக்குப் போய், 1994 செப்டம்பரில் மத்தியச் சட்டமாகி, 1996 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் ஐந்தாம் பிரிவு, பாலினத்தைச் சொல்லாலோ சைகையாலோ வேறெந்த வகையாலோ யாரிடமும் தெரிவிக்கக் கூடாது என்கிறது. சைகையைத் தனியாகச் சொன்னது தீர்க்கதரிசனம். பெண் என்றால் ஜெய் மாதா தி, ஆண் என்றால் ஜெய் ஸ்ரீகிருஷ்ணா என்று வாழ்த்துச் சொல்லி அனுப்பும் டாக்டர்களைப் பற்றி வடக்கே பத்திரிகைகள் பிற்பாடு நிறைய எழுதின. இன்னொரு பிரிவில், சோதனைக்கு வந்த பெண்ணைக் கணவனோ உறவினரோ கட்டாயப்படுத்தினார்கள் என்றே நீதிமன்றம் முதலில் கொள்ள வேண்டும் என்று எழுதினார்கள். பம்பாயில் அவிழாத முடிச்சைச் சட்டம் ஒரு ஊகத்தால் தாண்டிப்போயிற்று.

பலகைக்கு நேரடிப் பெற்றோர், அதே 1996இல் வந்த விதிகளில் பதினேழாம் விதி. ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் பொதுமக்கள் கண்ணில் படும்படி அறிவிப்பு வைக்க வேண்டும். சட்டப் புத்தகத்தின் ஒரு பிரதியையும் அங்கேயே வைத்து, யார் கேட்டாலும் காட்ட வேண்டும். அடுத்தமுறை போகும்போது கேட்டுப் பாருங்கள். ரிசப்ஷனில் இருப்பவர் முழிக்கக்கூடும், ஆனால் புத்தகம் எங்கேயாவது ஒரு மேசை இழுப்பறைக்குள் இருக்கும்.

பலகை மாட்டியாயிற்று. யாரும் கவனிக்கவில்லை. 0 முதல் 6 வயதுவரை 1,000 ஆண் குழந்தைகளுக்கு எத்தனை பெண் குழந்தைகள் என்ற கணக்கு 1991இல் 945 ஆக இருந்தது, 2001இல் 927. ஹரியானாவில் 819, பஞ்சாபில் 798. சட்டம் இருந்த ஐந்து ஆண்டும் சேர்த்துத்தான் இந்தச் சரிவு.

பலகைக்குப் பல் முளைத்த கதையில்தான் தமிழ்நாடு வருகிறது. இங்கே பிரச்சினை ஸ்கேனுக்கு முந்தியது. 1985 இறுதியில் உசிலம்பட்டி வட்டாரத்தில் பிறந்த பெண் குழந்தைகளை எருக்கம்பால் கொடுத்துக் கொல்வது பற்றி ஜூனியர் விகடன் எழுதியது. அடுத்த ஆண்டு இந்தியா டுடே அட்டைப்படக் கட்டுரை போட்டது. மூன்றாவதும் பெண்ணானால் போதும்பொண்ணு என்று பெயர் வைத்துக் கடவுளுக்குக் குறிப்புக் காட்டும் ஊர்களுக்குக்கூட அந்தச் செய்தி அதிர்ச்சியாக இருந்தது. அதே 80களின் பிற்பகுதியில் வேலூர் பக்கம் கே.வி.குப்பம் வட்டாரத்தில் சாபு ஜார்ஜ் என்ற ஆய்வாளர் குழந்தைகளின் ஊட்டச்சத்து பற்றிக் கிராமம் கிராமமாகப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தார். 12 கிராமங்களில் பிறப்பையும் இறப்பையும் தொடர்ந்து குறித்துவந்ததில், ஊட்டச்சத்தோடு தொடர்பில்லாத சாவுகள் தென்பட்டன. ஆறு கிராமங்களில் பெண் சிசுக்கொலை நடப்பது தெரிந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் கிராமப்புறத் திட்டத்தில் இருந்த ராஜரத்தினம் ஆபேல், மானுடவியலாளர் பார்பரா மில்லர் இருவரோடு சேர்ந்து 1992இல் அவர் எழுதிய கட்டுரை, அதுவரை வதந்தி என்று ஒதுக்கப்பட்டதை எண்ணிக் காட்டியது. அதே ஆண்டுதான் முதலமைச்சர் ஜெயலலிதா சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கினார்.

சாபு ஜார்ஜ் அங்கிருந்து, பாலினம் பார்க்க ஊசிக்குப் பதில் வந்துவிட்ட ஸ்கேன் எந்திரங்களின் பின்னால் போனார். எருக்கம்பாலுக்கு ஒரு பாட்டியின் கை வேண்டும்; ஸ்கேனுக்கு யாருடைய கையும் அழுக்காக வேண்டியதில்லை. 2000 பிப்ரவரியில் அவரும், பம்பாயின் செஹத், புனே பகுதியின் மாசும் ஆகிய இரண்டு அமைப்புகளும் சட்டம் தூங்குகிறது என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். இந்திரா ஜெய்சிங் வாதாடினார். 2001 மே மாதம் முதல் நீதிமன்றம் மாநிலங்களை வரிசையாக நிற்கவைத்துக் கேள்வி கேட்டது. எந்திரம் விற்ற கம்பெனிகளிடம் யார் யாருக்கு விற்றீர்கள் என்று பட்டியல் கேட்கப்பட்டது. பதிவில்லாத எந்திரங்களுக்கு சீல் வைக்கும் படலம் தொடங்கியது.

சட்டமும் திருந்தியது. எக்ஸ் விந்தணுவையும் ஒய் விந்தணுவையும் பிரித்தெடுப்பதாக 1973இல் ரொனால்ட் எரிக்ஸன் என்ற அமெரிக்கர் ஒரு முறையை அறிவித்து வணிகமும் செய்தார். கருவே உருவாகும் முன் தேர்ந்தெடுப்பதைக் கருத்தரித்த பிறகான சோதனைக்கு மட்டும் போட்ட சட்டம் எப்படிப் பிடிக்கும்? 2003 பிப்ரவரி 14 அன்று, காதலர் தினத்தில், கருத்தரிப்புக்கு முன்பும் பின்பும் பாலினத் தேர்வு கூடாது என்று திருத்திய சட்டம் அமலுக்கு வந்தது. ஒவ்வொரு கர்ப்பிணி ஸ்கேனுக்கும் எஃப் படிவம் நிரப்பும் சடங்கு இறுகியதும் அதன் பிறகுதான். ஸ்கேனுக்கு முன் எத்தனை பிள்ளை, ஆணா பெண்ணா, என்ன வயது என்று கேட்டுக் கையெழுத்து வாங்குகிறார்களே, அந்தத் தாள்தான்.

அந்தத் தாளைப் பற்றி டாக்டர்கள் புலம்பாத நாள் இல்லை. ஒரு கட்டம் காலியாக இருந்தால் எந்திரத்துக்கு சீல், வழக்கு. நிஜமாகவே காசு வாங்கிக்கொண்டு சைகை காட்டுபவர் எல்லாக் கட்டத்தையும் ஒழுங்காக நிரப்பித் தப்பிவிடுகிறார் என்பார்கள். மகப்பேறு மருத்துவர் சங்கக் கூட்டமைப்பு இதை உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோனது. 2019 மே மாதம் நீதிமன்றம் இறங்கிவரவில்லை. படிவம்தான் இந்தச் சட்டத்தின் முதுகெலும்பு, அதை எழுத்தர் பிழை என்று தள்ளிவிட முடியாது என்ற போக்கில் தீர்ப்பு வந்தது. டாக்டர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பாலினம் சொல்லும் குற்றம் மூடிய அறையில் இருவர் சம்மதத்தோடு நடப்பது. புகார் கொடுக்க யாரும் இல்லை. தாளைத் தவிர வேறு சாட்சி எங்கே?

பெற்றோர் பக்கமிருந்தும் வழக்கு வந்தது. இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், மூன்றாவதாக ஆண் வேண்டும் என்று நினைப்பது எங்கள் சொந்த விஷயம், குடும்பத்தைச் சமன் செய்யும் உரிமை எங்களுக்கு இல்லையா என்று ஒரு தம்பதி பம்பாய் உயர் நீதிமன்றத்தில் கேட்டார்கள். 2007இல் தள்ளுபடி. அரசுக்குள்ளேயே எதிர்க்குரல் எழுந்ததும் உண்டு. 2016இல் மேனகா காந்தி மத்திய அமைச்சராக இருந்தபோது, மறைப்பதற்குப் பதிலாக எல்லோரிடமும் பாலினத்தைச் சொல்லிப் பதிவு செய்து, பெண் கரு பிறக்கிறதா என்று கண்காணிக்கலாமே என்றார். இந்திய மருத்துவர் சங்கத்தின் தலைவரும் 2024இல் அப்படியே பேசினார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்போது காவல் டாக்டரின் வாயிலிருந்து இறங்கிப் பெண்ணின் வயிற்றுக்கு வரும். இயற்கையாகக் கரு கலைந்தவளும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். பம்பாய் மன்றம் எதைத் தவிர்க்க அவ்வளவு வளைந்ததோ, அது நேராக வந்து உட்காரும்.

பலகை வேலை செய்ததா? 2011இல் நாட்டின் கணக்கு இன்னும் இறங்கி 918 ஆனது; பஞ்சாபும் ஹரியானாவும் கொஞ்சம் ஏறின. தமிழ்நாடு 1991இல் 948, 2001இல் 942, 2011இல் 943. இதில் பலகையின் பங்கு எவ்வளவு, பெண்கள் படித்து வேலைக்குப் போனதன் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பலகையால் வந்த ஒரு தீமையை மட்டும் சொல்லியாக வேண்டும். கருவில் கொல்லாதே என்ற பிரச்சாரத்தின் தொடர்ச்சியாக, நான்காம் ஐந்தாம் மாதத்தில் நியாயமான காரணத்தோடு கலைக்க வரும் பெண்ணையும் சந்தேகத்தோடு பார்த்துத் திருப்பி அனுப்பும் மருத்துவமனைகள் உண்டாயின. வெளியே நிற்கவேண்டிய பெண்ணின் உடலைப் பின்வாசல் வழியாக உள்ளே இழுத்துவிட்டார்கள்.

இதற்கிடையில் நுட்பம் ஓடிவிட்டது. பத்தாவது வாரத்தில் தாயின் கையில் எடுக்கும் ஒரு குழாய் ரத்தத்தில் டவுன் சிண்ட்ரோம் உண்டா என்று பார்க்கிறார்கள். அதே ரத்தத்தில் ஒய்யும் தெரியும். இந்திய லேப்கள் அந்த வரியை நீக்கிவிட்டு ரிப்போர்ட் தருகின்றன. சோதனைக்குழாய்க் கருக்களில் ஐந்து நாள் கருவிலிருந்தே சில அணுக்களை எடுத்துப் பார்க்கிறார்கள். 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டமும் அங்கே பாலினத் தேர்வைத் தடுத்திருக்கிறது. பால்வழி நோய்க்கு மட்டும் விலக்கு உண்டு. பூட்டு புதுக் கதவுகளுக்கும் வந்துவிட்டது என்றே சொல்லலாம்.

ஆனால் பூட்டியது ஒரு கேள்விக்கு மட்டும். பெண்ணாய்ப் பிறப்பது நோய் அல்ல என்று சொல்லித்தான் பம்பாய்க்காரர்கள் வென்றார்கள். அப்படிச் சொன்ன கணமே, நோய் என்றால் நீக்கலாம் என்பதை ஒப்புக்கொண்டதாக ஆகிவிட்டது. அனிதா கய் போன்ற ஊனமுற்றோர் உரிமைச் சிந்தனையாளர்கள் பிறகு இதைச் சுட்டிக் கேட்டார்கள். மகள் வேண்டாம் என்பது சமூகத்தின் குறை, மகளைத் திருத்தாதே சமூகத்தைத் திருத்து என்கிறீர்கள். காது கேளாத பிள்ளை, டவுன் சிண்ட்ரோம் பிள்ளை என்றால் மட்டும் ஏன் பிள்ளையைத் திருத்தப் போகிறீர்கள்? சாய்தளம் இல்லாத பள்ளிக்கூடமும் சைகைமொழி தெரியாத ஆசிரியரும் யாருடைய குறை? என்னால் இதற்கு முழுதாக உடன்பட முடியவில்லை. மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியாக் குழந்தையின் தாயிடம் போய் இதை ஒரு வாதமாக வைக்க எனக்கு நா எழாது. உடன்படாமலிருக்கும் காரணத்தைச் சொல்லப் போனாலோ, எங்கே கோடு போடுவது என்று தெரியாமல் நிற்கிறேன்.

சட்டம் எங்கே போட்டது? பலகைக்கு அடியில் இருக்கவேண்டிய அந்தப் புத்தகத்தில் நான்காம் பிரிவைப் புரட்டினால், எதற்காகக் கருவைச் சோதிக்கலாம் என்று ஆறு வரிகள் இருக்கின்றன. குரோமோசோம் கோளாறுகள். மரபுவழி வளர்சிதை மாற்ற நோய்கள். ஹீமோகுளோபின் நோய்கள். பால்வழி வரும் மரபு நோய்கள். ஃபுக்ஸும் ரீஸும் தொடங்கிய இடம். பிறவிக் குறைபாடுகள். ஆறாவது வரி, மத்திய மேற்பார்வை வாரியம் குறிப்பிடக்கூடிய வேறு எந்தக் குறைபாடும் அல்லது நோயும்.